இரவு வியாபாரமும் குடிவெறியும்
(கடைக்காரர்களுக்கும் கடைப் பணியாளர்களுக்கும் ஒரு பாடம்)



பிரிஞ்சாங்கில் கடை நடத்தும் நம்மவர் பலருக்கு இரவு நேரமே வருமானத்துக்குரிய நேரம். வார இறுதியிலும் பள்ளி விடுமுறைக் காலத்திலும் கீழ்நாட்டிலிருந்து கார்களும் பஸ்களும் வரிசை வரிசையாக மலையேறி வருகின்றன. இரவுச் சந்தை கூடுகிறது. குளிருக்கு இதமாகத் தே தாரிக்கும் சூடான ரொட்டியும் தேடி மக்கள் நம் கடைகளுக்கு வருகிறார்கள். சந்தை கலைந்து மற்றக் கடைகள் மூடிய பின்பும் நம் சாப்பாட்டுக் கடைகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஹோட்டல்களிலும் மது விற்கும் இடங்களிலும் குடித்துவிட்டு வெளியேறுவோருக்கு அந்நேரத்தில் போக்கிடம், திறந்திருக்கும் நம் கடைதான்.

“நாம் குடிப்பதில்லை. குடியினால் வரும் சண்டை நமக்கென்ன?” என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. இவ்வெண்ணம் சரியன்று. குடித்தவன் ஒருவனாயிருக்க, அடிபடுகிறவன் பெரும்பாலும் வேறொருவனாயிருக்கிறான். வீட்டில் காத்திருந்த மனைவியோ, பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவரோ, சண்டையை விலக்கப் போன கடைப் பையனோ அந்த அடியை வாங்குகிறார்கள். குடியாமை ஒழுக்கத்துக்குக் காவலாகலாம். பிறர் எறியும் போத்தலுக்கு அது கேடயமாகாது.

ஆகவே இப்பாடத்தில் மூன்று விஷயங்களை ஆராய்வோம். மது மனிதனை ஏன் கைநீட்டச் செய்கிறது? நம் மக்களின் அனுபவம் எதைக் கற்பித்திருக்கிறது? கடையிலும் வழியிலும் நாம் கைக்கொள்ள வேண்டிய முறைகள் யாவை?

1. பகை மூளும் விதம்

திருக்குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 ஆம் வசனங்கள் மதுவையும் சூதாட்டத்தையும் விலக்குகின்றன. அங்கே கூறப்படும் காரணங்களுள் முதலில் நிற்பது, மனிதரிடையே அவை பகைமையையும் வெறுப்பையும் மூட்டுகின்றன என்பதே. தொழுகையிலிருந்து தடுப்பது அதன் பின்னரே கூறப்படுகிறது. நாம் இன்று ஆராயும் விஷயமும் அந்தப் பகைமையே.

மருத்துவ நூலார் இதற்குத் தரும் விளக்கம் எளிதானது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி நம் ஆத்திரத்துக்குக் கடிவாளம் போன்றது. “இதைச் சொன்னால் என்ன ஆகும், இவனை அடித்தால் நாளை என்ன நடக்கும்” என்று எண்ணிப் பார்ப்பது அதன் வேலை. மது முதலில் தளர்த்துவது இக்கடிவாளத்தைத்தான். அதோடு கவனமும் குறுகிவிடுகிறது. கண்ணெதிரே உள்ள ஒன்றே அவனுக்குப் பெரிதாகத் தெரியும், பின்விளைவு தெரியாது. உயர்ந்த குரல், நீட்டிய விரல், பக்கத்து மேஜையில் எழுந்த சிரிப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனக்கு நேர்ந்த அவமானமாகவே அவனுக்குப் படும்.

தெளிந்த மனிதன் நியாயம் பேசினால் குடித்தவன் ஏன் அடங்குவதில்லை என்பது இப்போது விளங்கும். நாம் சொல்லும் நியாயத்தை எடைபோடும் உறுப்பே அவனிடம் அப்போது வேலை செய்யவில்லை. நம் சொல்லின் பொருள் அவன் காதில் ஏறுவதில்லை. அதிலுள்ள ஏளனம் மாத்திரம் ஏறுகிறது. குடியாதவர்களாகிய நமக்கு இங்கே ஒரு தனி அபாயம் இருக்கிறது. குடித்தவனைக் கண்டவுடன் நம் முகம் சுளிக்கிறது. புத்தி சொல்ல நாக்கு துடிக்கிறது. புத்தி சொல்வது நல்ல காரியமே. ஆனால் அதை மறுநாள் காலையில் சொல்ல வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்குச் சொல்லும் புத்திமதி சண்டைக்கு விடுக்கும் அழைப்பாகிவிடும்.

இரண்டு தவறான நம்பிக்கைகளையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

முதலாவது, கடுங்காப்பி குடித்தால் போதை தெளியும் என்பது. ஈரல்தான் மதுவைக் கழிக்கிறது. அது மணிக்கு ஏறக்குறைய 10 கிராம் மதுவுக்கு மேல் கழிப்பதில்லை. சாதாரண பியர் டின் ஒன்றில் இருக்கும் மதுவைக் கழிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். காப்பியோ, குளிர்ந்த நீரோ, எலுமிச்சையோ இதை விரைவுபடுத்தா. காப்பி குடித்தவன் தூங்காத குடிகாரனாக இருப்பான், அவ்வளவே. கடைசிக் கோப்பை குடித்த பின்பும் சிறிது நேரம் போதை ஏறிக்கொண்டேயிருக்கும். ஆகவே, நம் கடைக்குள் அமைதியாக நுழைந்தவன் அரை மணி கழித்து முரடனாக மாறுவது வியப்பன்று.

இரண்டாவது, மலைக்குளிருக்கு மது நல்லது என்பது. மது தோலுக்கடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் மேலே சூடேறியது போலத் தோன்றினும், உள்வெப்பம் வெளியேறி உடல் குளிர்ந்துவிடுகிறது. பிரிஞ்சாங் இரவில், கடை முன் அஞ்சடியில் குடித்துவிட்டுக் கிடப்பவனுக்கு அடிதடியில்லாமலே ஆபத்து நேரலாம்.

2. தோட்டத்துக் கள்ளும் சம்சும்

குடித்தவனை இழிவாக நினைப்பதற்கு முன், இந்நாட்டுத் தோட்டங்களுக்குள் குடி எப்படிப் புகுந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை அனுமதி பெற்று நடந்தது. பகலெல்லாம் உழைத்தவனுக்கு, கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் போலவே கள்ளுக்கடையும் லயத்துக்கு அருகில் இருந்தது. கூலி வாங்கிய கையிலிருந்து காசு அங்கே இறங்கிற்று; அடியும் உதையும் மாத்திரம் வீடு வந்து சேர்ந்தன.

இதை முதலில் எதிர்த்தவர்களுள் அத்தொழிலாளர்களே முன்னணியில் நின்றார்கள் என்பதை நாம் மறத்தலாகாது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. யுத்தத்துக்குப் பின், கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அப்படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தனர். 1947 இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதல் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. குடியைத் தோட்டத்திலிருந்து ஒழிக்க உயிரைக் கொடுத்தவர்களும் அதே லயத்தில்தான் பிறந்தார்கள்.

கள்ளுக்கு அடுத்து, சம்சு என்னும் மலிவான கடுஞ்சாராயம் பரவிற்று. கள்ளைவிடப் பன்மடங்கு கடுமையான இது, சிறு போத்தல்களில், ஏழையின் கைக்கெட்டும் விலையில் விற்கப்பட்டது. இதன் தீமையை இடைவிடாது எடுத்துரைத்த அமைப்புகளுள் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் முக்கியமானது. அதற்கு நீண்ட காலம் தலைமை தாங்கி, 2019 மே மாதம் 17 ஆம் தேதி காலமான எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்கள், தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வர்த்தகம் செய்த நம்மவர். குடியாத ஒரு முஸ்லிம் வர்த்தகர், குடியால் சீரழியும் தோட்டக் குடும்பங்களுக்காகத் தம் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். குடித்தவனை வெறுக்காமல் குடியை எதிர்ப்பது எப்படி என்பதற்கு அவர் வாழ்க்கை நமக்குப் பாடம்.

மலிவான மதுவின் கொடுமை இன்னும் ஓயவில்லை. 2018 செப்டம்பர் மாதத்தில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில், மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த போலி மதுவைக் குடித்து 40 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் அவர்களுள் பலர். இன்று கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் அப்படி வந்த தொழிலாளர்களே மிகுதி. அவர்களும் நம் வாடிக்கைக்காரர்களே.

கடைக்காரர் செய்யக்கூடிய சிறு உதவி ஒன்றுண்டு. சம்பள நாள் மாலையில், குடிப்பழக்கமுள்ளவருக்குக் கைமாற்றாக ரொக்கம் கொடுக்க வேண்டாம். அரிசி, பருப்பு, மாவு கேட்டால் தாராளமாகப் பற்றெழுதிக் கொடுக்கலாம். பொருளாகக் கொடுத்தது அநேகமாக வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேரும்.

3. சிங்கப்பூரில் ஓர் இரவு

நம்மவர் கடைகள் நிறைந்த ஒரு வட்டாரத்தில், ஒரே இரவில் குடிவெறி எத்தனை கேடு விளைவிக்கக்கூடும் என்பதைச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரம் காட்டிற்று.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுதும் கட்டட வேலை செய்த தொழிலாளருக்கு அது ஒன்றே ஓய்வு நாள். சாமான் வாங்கவும், ஊர்க்காரரைக் காணவும், ஊருக்குப் பணம் அனுப்பவும் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். இரவு ஒன்பது மணிக்குப் பின், ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் தனியார் பஸ் ஒன்றின் கீழ் ஒரு தமிழ்த் தொழிலாளர் சிக்கி உயிரிழந்தார். அவரும் அப்போது குடித்திருந்தார்.

அது ஒரு விபத்து. ஆனால் கூட்டம் அதை அப்படிக் காணவில்லை. பஸ் ஓட்டியவர்மேலும் உடனிருந்த பெண் பணியாளர்மேலும் ஆத்திரம் திரும்பிற்று. மீட்பு வேலைக்கு வந்தவர்கள் இறந்தவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் காப்பாற்றுகிறார்கள் என்ற தவறான எண்ணம் பரவிற்று. போத்தலும் கல்லும் பறந்தன. போலீஸ் வாகனங்கள் கவிழ்க்கப்பட்டன, ஆம்புலன்ஸ் எரிக்கப்பட்டது. சுமார் இரண்டு மணி நேரத்தில் அடங்கிய அக்கலகத்தின் முடிவில், 25 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 50 க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். கடன் வாங்கி விமானம் ஏறி வந்தவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014 ஜூன் மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. விபத்தையும் மீட்பு வேலையையும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது, தெருவிலேயே நீதி வழங்கிவிடும் மனப்போக்கு, மது ஆகிய மூன்றையும் அக்குழு காரணங்களாகக் காட்டிற்று. 2015 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் புதிய சட்டம் வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்துவதும், வெளியே கொண்டு செல்ல மது விற்பதும் தடுக்கப்பட்டன. லிட்டில் இந்தியாவுக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு வந்தது. கூட்டம் குறைந்து வியாபாரம் படுத்துவிட்டது என்று அவ்வட்டாரக் கடைக்காரர்கள் முறையிட்டதும் நினைவிருக்கலாம். மது விற்றவர், விற்காதவர் என்ற வேற்றுமையின்றி நஷ்டம் எல்லாரையும் தொட்டது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை: விபத்தோ கைகலப்போ நேர்ந்த இடத்தில் கூட்டம் சேர விடலாகாது. “அவன்தான் செய்தான்” என்ற சொல் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குத் தாவும்போது, அதை நம் வாயோடு நிறுத்திவிட வேண்டும்.

4. கடையில் கைக்கொள்ள வேண்டியவை

(அ) காசுக்காகச் சண்டை வேண்டாம். குடித்தவன் பில்லைப் பார்த்துத் தகராறு செய்தால் ஒருமுறை அமைதியாகச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். ஒரு ரொட்டியும் ஒரு கோப்பைத் தேநீரும் என்ன விலை? அதற்காகப் பையன் ஒருவன் பின்னால் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்கலாமா? பணம் போனால் மறுநாள் வரும். அடிபட்ட பையனின் தாய் தமிழ்நாட்டில் இருக்கிறாள். அவளுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

(ஆ) முதலாளியோ மூத்தவரோ பேச வேண்டும். வயதில் இளைய பையனை அனுப்பலாகாது. பேசுபவர் ஒருவராகவே இருக்கட்டும். நால்வர் சூழ்ந்துகொண்டால், தன்னை அடிக்க வருகிறார்கள் என்றே குடித்தவன் எண்ணுவான்.

(இ) மரியாதை குறையாமல், தாழ்ந்த குரலில் பேசுங்கள். “அண்ணே, உட்காருங்க, தண்ணி கொண்டாரேன்” என்ற சொல் பல சண்டைகளைத் தணித்திருக்கிறது. “குடிச்சிட்டு வந்து...” என்று தொடங்கும் சொல் பல சண்டைகளை மூட்டியிருக்கிறது.

(ஈ) இரண்டு கை தூரத்துக்கு அப்பால் நில்லுங்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். அவன் வெளியேற விரும்பினால் வழி திறந்திருக்க வேண்டும். நமக்கும் பின்வழி ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

(உ) இரவு பதினொரு மணிக்குப் பின் மேஜை மேல் கண்ணாடிப் போத்தல், கனத்த கண்ணாடிக் கோப்பை, கத்தி ஆகியவை கிடக்கலாகாது. சண்டையில் முதலில் கைக்கு அகப்படுவதே ஆயுதமாகும்.

(ஊ) கல்லாவில் இரவு நேரத்தில் பெருந்தொகை வைக்க வேண்டாம். குடித்தவர்கள் உள்ளே இருக்கும்போது பணம் எண்ணவும் வேண்டாம்.

(எ) இருவர் கைகலந்துவிட்டால் நடுவே புகாதீர்கள். மற்ற வாடிக்கைக்காரர்களை, முக்கியமாகப் பெண்களையும் பிள்ளைகளையும், வேறு பக்கமாக அகற்றுங்கள். உடனே 999 ஐக் கூப்பிடுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த பணியாளருக்கு மலாய் மொழி தெரியாதிருக்கலாம். கடையின் பெயரையும் முகவரியையும், “இங்கே சண்டை நடக்கிறது, ஒருவர் காயப்பட்டிருக்கிறார்” என்ற வாசகத்தையும் மலாய் மொழியில், தமிழ் எழுத்தில் எழுதி டெலிபோனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

5. வெளியே போகும் வாலிபர்களுக்கு

நம் பிள்ளைகளும் கூட்டாளிகளோடு இரவில் வெளியே போகிறார்கள். கூட்டாளிகளில் சிலர் குடிப்பவர்களாயிருக்கலாம். “நான் குடிக்கவில்லையே” என்று அதே மேஜையில் உட்கார்ந்திருப்பவனுக்கும், சண்டை வந்தால் அதே அடிதான். கூட்டாளிகள் குடிக்கத் தொடங்கினால் அதுவே வீடு திரும்பும் நேரம். முன்பின் அறியாதவன் வம்புக்கு இழுத்தால், பதில் பேசாமல் நடந்து விடுவதே வீரம்.

ஒரே ஒரு குத்து உயிரைப் போக்கும். குத்தினால் சாவதைவிட, குத்துப்பட்டு நிலைதடுமாறித் தலை சிமெண்டுத் தரையில் மோதிச் சாவதே மிகுதி. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் இரவில் இவ்வாறு வாலிபர்கள் மாண்டதன் பேரில், 2014 இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இக்குற்றத்துக்கெனத் தனிச்சட்டமே இயற்றிற்று. அடித்தவர்களும் சாகடிக்க எண்ணியவர்களல்லர். ஒரு நொடிக் கோபம் இரு குடும்பங்களை அழித்துவிடுகிறது.

குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறவே கூடாது. வளைவு மிகுந்த, மூடுபனி இறங்கும் நம் மலைப்பாதையில் அது தற்கொலைக்குச் சமம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தத்தின்படி, குடித்துவிட்டு வண்டியோட்டி உயிர்ச்சேதம் விளைவித்தவனுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு.

வேலை முடிந்து தங்குமிடம் செல்லும் பணியாளர்கள் தனித்தனியே நடக்கலாகாது. இருவர் மூவராகச் சேர்ந்து, விளக்குள்ள பாதையில் செல்லட்டும்.

6. ஒருவர் விழுந்துவிட்டால்

தலையில் அடிபட்ட குடிகாரனை “போதையில் தூங்குகிறான், காலையில் எழுவான்” என்று விட்டுவிடுவது பெருந்தவறு. மூளைக்குள் இரத்தம் கசிந்தாலும் அவன் தூங்குபவன் போலவே காணப்படுவான். கூப்பிட்டும் கண் திறக்கவில்லை, வாந்தி நிற்கவில்லை, மூச்சு ஒழுங்காக இல்லை, ஒரு கண்பாவை பெரிதாகத் தெரிகிறது என்றால் தாமதியாமல் 999 ஐக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. பிரிஞ்சாங்கிலிருந்து அது தொலைவன்று. நினைவிழந்தாலும் மூச்சு விடுகிறவனை, கழுத்து திருகாதபடி தலையையும் உடலையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, அருகிலேயே இருங்கள். மல்லாந்து படுத்தவன் தன் வாந்தியாலேயே மூச்சடைத்துச் சாகக்கூடும். அவன் யார், என்ன குடித்தான் என்ற ஆராய்ச்சி அந்நேரத்தில் வேண்டியதில்லை. உயிரைக் காப்பதே கடமை.

7. சட்டமும் கூட்டுமுயற்சியும்

தன் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ள மலேசியக் குற்றவியல் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தராது. ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து அடித்தால், அடித்த நம் பையனே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். மறுபுறம், தானாகக் குடித்தவன் “போதையில் செய்துவிட்டேன்” என்று கூறிப் பொதுவாகத் தப்பவும் முடியாது. ஆகவே போலீசில் புகார் கொடுங்கள். நீதியை அவர்களிடம் விடுங்கள்.

தனிக்கடை ஒன்றால் ஆகாதது தெரு முழுதும் சேர்ந்தால் ஆகும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008 இல், விடியற்காலை ஐந்து மணி வரை திறந்திருந்த மதுக்கடைகளை மூன்றரை மணிக்குள் மூடச் செய்தபோது, இரவு நேரத் தாக்குதல்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பிரேசில் நாட்டு டியாடெமா நகரில் 2002 இல் இரவு 11 மணிக்கு மதுக்கடைகளை மூட உத்தரவிட்டனர். அதன்பின் கொலைகள் பெருமளவு குறைந்தன. நேரம் ஒன்றை மாற்றியதே இத்தனை உயிர்களைக் காத்தது.

மதுக்கடை மூடும் நேரம் நம் கையில் இல்லை. நம் கடை மூடும் நேரம் நம் கையில் இருக்கிறது. விடுமுறை நாட்களில் பக்கத்துச் சீனக் கடைக்காரரோடும் மலாய்க் கடைக்காரரோடும் கலந்து பேசி, எல்லாரும் ஒரே நேரத்தில் மூடினால் எவருக்கும் நஷ்டமில்லை. ஒரு கடையில் தகராறு என்றால் அடுத்த கடைக்கு உடனே செய்தி போகும்படி கைப்பேசியில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். கடைசி ஒரு மணி நேர வியாபாரத்தில் வரும் இலாபத்தையும், அந்த ஒரு மணி நேரத்தில் பணியாளருக்கு இருக்கும் ஆபத்தையும் ஒவ்வொரு முதலாளியும் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆராய வேண்டிய வினாக்கள்

1. குடித்தவனிடம் நியாயம் பேசுவதால் பயனில்லாமற் போவது ஏன்?
2. காப்பி போதையைத் தெளிவிக்கும், மது குளிரைப் போக்கும் என்ற நம்பிக்கைகளில் உள்ள தவறு யாது?
3. சிங்கப்பூர் கலவரம் பற்றிய விசாரணைக் குழு காட்டிய காரணங்கள் மூன்று யாவை?
4. நம் கடையில் இரவு பதினொரு மணிக்குப் பின் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? தகராறு வந்தால் பேச வேண்டியவர் யார், 999 ஐக் கூப்பிட வேண்டியவர் யார் என்று தீர்மானித்திருக்கிறோமா?
5. பில் தராமல் போகிறவனைத் துரத்த வேண்டாம் என்று நம் பணியாளர்களிடம் நாம் நேரில் சொல்லியிருக்கிறோமா? போன பணத்தை அவர்கள் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம் என்று உறுதி கூறியிருக்கிறோமா?

ஐந்தாவது வினாவுக்கு இன்றிரவே விடை காணுங்கள். சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று அஞ்சித்தான் பல பையன்கள் இருட்டில் ஓடுகிறார்கள். கடை திறக்குமுன் பணியாளர்களை உட்கார வைத்து இப்பாடத்தை உரக்க வாசித்துக் காட்டும்படி முதலாளிமார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.